புது பிறேக், பழைய சில்லு: மொறிஸ் மைனரில் முட்டாமல் பூட்டுவது எப்படி

கொட்டிலுக்குள் கோழி அடைத்திருந்த பழைய மொறிஸ் மைனர் காரை இழுத்து வெளியே எடுத்து, எஞ்சினைச் செய்து, பெயின்ற் அடித்து, ஆசைக்கு முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும் பூட்டிவிட்டீர்கள். கடைசியில் சில்லைத் தூக்கி ஹப்பில் (சில்லு வந்து அமரும் நடுக்குடத்தில்) வைத்தால் அது உட்கார மாட்டேன் என்கிறது. அல்லது உட்காருகிறது, ஆனால் சுற்ற விட்டால் எங்கோ 'கிறீச்' என்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவர்களுக்கானது. இன்னும் சாமான் வாங்காதவர்களுக்கு இரட்டிப்பாகப் பயன்படும்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. மறுபடி கார் வரத் தொடங்க 2025 ஆகிவிட்டது. இந்த இடைவெளியில் பழைய காரை இரும்புக்குப் போடப் பார்த்தவர்கள்கூட மனம் மாறினார்கள். வன்னியில் எங்களுக்கு இந்தக் கார்களோடு வேறு சொந்தமும் உண்டு. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது ஒரு சொட்டுப் பெற்றோலில் 'ஸ்ராட்' பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவை இவைதான். அன்றைக்கு ஓடினால் போதும் என்றிருந்தது. இன்றைக்கு ஏ9 வீதி வழுக்கிக்கொண்டு கிடக்கிறது, பின்னால் சொகுசு பஸ் ஹோர்ன் அடிக்கிறது, முன்னால் திடீரென்று மாடு குறுக்கே போகிறது. நிற்கவும் வேண்டும் என்ற எண்ணம் வருவது நியாயம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு டிஸ்க் உண்மையிலேயே வேண்டுமா?

1962க்கு முந்திய மைனரில் முன்சில்லுக்குள் 7 அங்குல ட்றம் (உள்ளிருந்து கட்டைகள் விரிந்து பிடிக்கும் பிறேக் கிண்ணம்) இருக்கும். அந்த ஆண்டில் 1098 சீசீ எஞ்சின் வந்தபோது முன் ட்றம்மை 8 அங்குலமாக்கினார்கள். உங்களுடையது பழைய 7 அங்குலமானால், பிந்திய மைனரின் 8 அங்குல ட்றம்மைத் தேடிப் பூட்டுங்கள். அது அதே 14 அங்குலச் சில்லுக்காகச் செய்யப்பட்டது, முட்டுகிற பேச்சே இல்லை. வன்னி தட்டைப் பூமி. கண்டிப் பக்கம் மாதிரி மைல் கணக்கில் பிறேக்கைப் பிடித்தபடி இறங்க வேண்டிய சரிவு எங்களிடம் இல்லை. ஒழுங்காக 'அட்ஜஸ்ட்' செய்த 8 அங்குல ட்றம் இங்கே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

டிஸ்க்குக்கு என்னிடம் இருக்கும் ஒரே நியாயமான காரணம் மாரிதான். கார்த்திகையில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது அதைக் கடந்து வந்தால் ட்றம்முக்குள் தண்ணீர் தங்கிவிடும். பிறேக்கை மெல்ல மிதித்து மிதித்துக் காயவைக்க வேண்டும். டிஸ்க் தண்ணீரைச் சுழற்றி எறிந்துவிடும். அதற்காக மாற்றுகிறீர்கள் என்றால் சரி, வாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் அளவுகள்

மைனருக்கு டிஸ்க் பூட்ட இரண்டு வழி. மொறிஸ் மரீனா காரின் ஹப்பையும் கலிப்பரையும் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் கௌவியை) எடுத்துப் பூட்டுவது ஒன்று. 1971 இல் வந்த அந்தக் காரின் முன்பக்க அமைப்பு மைனரின் வழிவந்ததுதான். மற்றது, வேறொரு காரின் கலிப்பரை ஒரு பிறாக்கெற்றில் வைத்துத் தரும் 'கிற்'. எதுவானாலும், ட்றம் இருந்த இடத்தில் அதைவிடப் பருமனான ஒன்று வந்து உட்காரப்போகிறது. ஆகவே விற்பவரிடம் காசு பேசுவதற்கு முன் இரண்டு அளவு கேளுங்கள்.

ஒன்று, ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து கலிப்பரின் மிகத் தூரமான மூலை வரை எத்தனை மில்லிமீற்றர். மற்றது, சில்லு வந்து அமரும் முகத்தைத் தாண்டி கலிப்பர் வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீற்றர் துருத்திக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டும் தெரியாமல் "பூட்டலாம் அண்ணை, பிரச்சினை இல்லை" என்று மட்டும் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இனி உங்கள் சில்லை அளக்க வேண்டும். ரயர் கழற்றிய வெறும் சில்லானால் நல்லது. பின்பக்கம் மேலே தெரியும்படி நிலத்தில் படுக்க வையுங்கள். 14 அங்குலம் என்பது ரயர் அமரும் இடத்தின் விட்டம். அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். றிம்மின் நடுவில் ரயரைக் கழற்றுவதற்காக ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் உட்பக்கமாகப் புடைத்து நிற்கும். கலிப்பருக்குக் கிடைக்கும் இடம் அந்தப் புடைப்பு வரைக்கும்தான். நடுவிலிருந்து புடைப்பின் உட்பக்கம் வரை அளவுங்கள். உதாரணத்துக்கு அது 155 மி.மீ. வருகிறது, கலிப்பரின் மூலை 149 மி.மீ. என்றால் உங்களிடம் 6 மி.மீ. இருக்கிறது.

பிறகு மேசன்மார் வைத்திருக்கும் மட்டப்பலகையைப் பின்விளிம்பின் மேல் குறுக்கே வையுங்கள். அதிலிருந்து சில்லு ஹப்பில் அமரும் முகம் வரை உள்ள ஆழத்தை அளவுங்கள். அடுத்து அதே பலகையிலிருந்து, கலிப்பர் வரப்போகும் தூரத்தில் சில்லின் தட்டு வரை உள்ள ஆழம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கலிப்பர் துருத்துவதற்கு இருக்கும் இடம். கலிப்பர் 38 மி.மீ. துருத்துகிறது, தட்டு 36 மி.மீ. தான் குழிந்திருக்கிறது என்றால், வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது: 2 மி.மீ. முட்டும்.

இந்த அளவுகளை ஒரு காட்போட் மட்டையில் வரைந்து, கலிப்பரின் உருவத்தை வெட்டிச் சில்லுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பிஸ்கற் பெட்டி மட்டை போதும். அந்த அரை மணித்தியாலம் பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கும்.

காரைத் தூக்குதல்

எங்கள் முற்றங்கள் மணல். ஜக்கை அப்படியே மணலில் வைத்தால் கார் ஏறாது, ஜக்தான் இறங்கும். அகலமான தடித்த பலகை ஒன்றைக் கீழே போடுங்கள். பின்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் பனங்குற்றி முட்டுக் கொடுங்கள். காரை ஸ்ராண்டில் இறக்கிய பிறகுதான் கையைச் சில்லுக்குள் விட வேண்டும். சீமெந்துக் கல்லை ஸ்ராண்டாகப் பாவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் பொடியாகும். வேண்டாம்.

எங்கே முட்டுகிறது?

இந்த வேலையின் முக்கால்வாசி இதுதான். முட்டுகிற இடம் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. எனக்கு வேலை பழக்கிய மெக்கானிக் அண்ணை, நான் சுற்றாத சில்லின் நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஸ்பனரைக் கையிலிருந்து பறித்தார். "தம்பி, சுத்தேல்லை எண்டா இறுக்கிறதே? ஏன் சுத்தேல்லை எண்டு முதல் பார்."

முதலில் சில்லு ஹப்போடு ஒட்டி அமர்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த 'முட்டுகிறது' கதைகளில் பல கலிப்பரோடு சம்பந்தமே இல்லாதவை. ஹப் முகத்தில் துருக்கட்டி, தடிப்பாக அடித்த பெயின்ற், டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்குறூவின் தலை மேலே நிற்பது, ஹப்பின் நடு மூக்கு சில்லின் நடுத்துளையைவிடப் பெரிதாக இருப்பது. கம்பி பிறஷால் சுத்தமாக உரஞ்சி மறுபடி வைத்துப் பாருங்கள். நட்டுப் போடாமல் சில்லைக் கையால் அழுத்தினால் ஆடாமல் இருக்க வேண்டும்.

ஆடாமல் இருக்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை எடுங்கள். கலிப்பரின் மூலைகளிலும் வெளிமுகத்திலும் மெல்லிசாகப் பூசி, சில்லை வைத்து, இரண்டு நட்டைக் கையால் இறுக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். சுண்ணாம்பு வழிக்கப்பட்ட இடம்தான் குற்றவாளி. சில்லின் உட்பக்கத்திலும் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும்.

கோடு றிம்மின் உருளைப் பகுதியில், அதாவது ரயர் சுற்றியிருக்கும் பக்கத்தில் விழுந்தால் கலிப்பர் உயரத்தில் பெரிது. கோடு தட்டின் உட்பக்கத்தில், அதாவது நீங்கள் வெளியிலிருந்து பார்க்கும் முகத்துக்குப் பின்னால் விழுந்தால் கலிப்பர் பருமனில் பெரிது. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. ஏனென்றால் ஸ்பேசர் (சில்லை வெளியே தள்ள ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவில் போடும் தட்டு) இரண்டாவது நோய்க்கு மட்டும்தான் மருந்து. சில்லை எவ்வளவு வெளியே தள்ளினாலும் உருளையின் சுற்றளவு பெரிதாகப் போவதில்லை. பள்ளத்தின் சரிவான ஓரத்தில் முட்டினால் மட்டும் சில மில்லிமீற்றர் தள்ளி வைப்பது உதவலாம்.

எவ்வளவு இடைவெளி இருக்கிறது?

சுற்றுகிறது, சத்தம் இல்லை. அதோடு விட்டுவிடாதீர்கள். எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு விசேஷமான கருவி ஒன்றும் தேவையில்லை. குசினிக்குள் போய் ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு கைப்பிடி கேளுங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நல்லது. புட்டுக்குக் குழைத்த மா உதிரும், சரிவராது.

நெல்லிக்காய் அளவு உருண்டைகளை, சுண்ணாம்பு அழிந்த இடங்களிலும் அதற்குப் பக்கத்திலும் கலிப்பரில் அழுத்தி ஒட்டுங்கள். சில்லின் உட்பக்கத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் மா அதில் ஒட்டாது. சில்லை ஏற்றி, நான்கு நட்டையும் முழுதாக இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். மா நசுங்கியிருக்கும். சவரப் பிளேட்டால் நடுவில் வெட்டி அதன் தடிப்பை அளவுங்கள். வேனியர் இல்லாவிட்டால் 3 மி.மீ., 5 மி.மீ. துரப்பண ஊசிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும்.

3 மி.மீ. க்குக் குறைந்தால் ஓட வேண்டாம். வளைவில் திரும்பும்போது சில்லு நெளியும், பெயரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், சூட்டில் எல்லாம் விரியும். தார் வீதியில் மட்டும் ஓடுகிறவருக்கு 3 மி.மீ. போதும் என்பார்கள். நான் வன்னிக்கு 5 என்பேன். பிரதான வீதியை விட்டு இறங்கினால் கிறவல்தான். ஒரு சின்னக் கல் கலிப்பருக்கும் றிம்முக்கும் நடுவில் மாட்டினால் அது சுழலச் சுழல றிம்மைச் சுற்றி ஒரு கோடு கீறிவிடும். இரும்புச் சில்லில் அது அசிங்கம். அலோய் சில்லில் அது வெடிப்பின் தொடக்கமாகலாம்.

இங்கே இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள, நகரும் வகைக் கலிப்பரானால் புதுப் பாட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) போட்டபடியேதான் அளக்க வேண்டும். பாட் தேயத் தேய அந்தக் கலிப்பர் உட்பக்கமாக நகர்ந்து சில்லை விட்டு விலகும். தேய்ந்த பாட்டோடு அளந்து "நல்ல இடம் கிடக்குது" என்று சந்தோஷப்பட்டவர், அடுத்த பாட் மாற்றும் நாளில் மறுபடி மாவுருண்டையோடு உட்கார வேண்டிவரும்.

சில்லு 'பலன்ஸ்' பண்ணக் கொடுக்கும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். றிம்மின் உட்பக்கத்தில் ஒட்டும் ஈயத்துண்டு 3 மி.மீ. அல்லது அதற்கும் மேல் தடிப்பாக இருக்கும். உங்கள் முழு இடைவெளியையும் அது விழுங்கிவிடும். விளிம்பில் கொழுவும் வகை போடச் சொல்லுங்கள்.

உருளையில் முட்டினால்

வழிகள் குறைவு. சின்னக் கலிப்பர், சின்ன டிஸ்க், அல்லது உள்ளே இடம் கூடிய வேறு சில்லு. 13 அங்குலச் சில்லுப் பக்கம் போகவே வேண்டாம். இருக்கிற இடமும் போய்விடும்.

வேறு சில்லு தேடுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. மைனரின் நான்கு ஸ்ரட்டும் (சில்லை மாட்டி நட்டு இறுக்கும் மரை ஆணிகள்) 4 அங்குல வட்டத்தில் இருக்கின்றன, அதாவது 101.6 மி.மீ. ஜப்பான் கார்கள் பலவற்றின் வட்டம் 100 மி.மீ. வித்தியாசம் 1.6 மி.மீ. தான். ஜப்பான் அலோய் சில்லை மைனரில் வைத்து நெருக்கினால் ஏறுவது போலவும் இருக்கும், நட்டும் இறுகும். ஆனால் ஒவ்வொரு ஸ்ரட்டும் 0.8 மி.மீ. வளைந்து நிற்கும். நட்டின் கூம்பு துளையில் சரியாக அமராது. சில்லு நடுவில் இருக்காது. ஓடும்போது ஸ்ரட் முறியலாம். விற்பவர் "ரெண்டும் ஒண்டுதான்" என்றால் வேனியரைக் காட்டுங்கள். அளப்பதும் சுலபம்: ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து நேர் எதிர்த் துளையின் இடது ஓரம் வரை.

கலிப்பரின் மூலையைக் கிறைண்டரால் கொஞ்சம் தேய்த்துவிடலாமே என்று ஒருவர் நிச்சயம் சொல்லுவார். ஒரு மில்லிமீற்றர் வார்ப்புக் கரடு என்றால் அது வேறு கதை என்று சிலர் வாதாடுவார்கள். அந்த உலோகத்துக்குப் பின்னால் பிறேக் எண்ணெய் எந்த அமுக்கத்தில் நிற்கிறது, சுவர் எந்த இடத்தில் மெல்லிசு என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. நான் தேய்ப்பதில்லை.

தட்டில் முட்டினால்

இங்கே இரண்டு தெரிவு: வேறு ஓஃப்செற் உள்ள சில்லு, அல்லது ஸ்பேசர். முடிந்தால் முதலாவது.

ஓஃப்செற் என்பது சில்லின் அமரும் முகம், றிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பது. கணக்கு இப்படி. 5 அங்குல றிம் என்றால் 127 மி.மீ. அது ரயர் அமரும் இடத்தின் அகலம் மட்டும். இரண்டு விளிம்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 கூட்டினால் முழு அகலம் 152. பாதி 76. பின்விளிம்பிலிருந்து அமரும் முகம் வரை நீங்கள் அளந்த ஆழம் 96 என்றால், 96இல் 76 போக 20. உங்கள் ஓஃப்செற் +20. இலக்கம் குறையக் குறைய சில்லு வெளியே வரும், கலிப்பருக்கு இடம் கூடும். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் +20 சில்லு +15 போல நடக்கும். மேலே சொன்ன 2 மி.மீ. முட்டும் காரில், 5 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் 7 மி.மீ. தள்ள வேண்டும்.

தள்ளுவதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். சில கிற்களில் டிஸ்க்கின் தொப்பி போன்ற நடுப்பகுதி ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவில் அமரும். அந்தத் தொப்பியின் தடிப்பு ஏற்கெனவே சில்லை வெளியே தள்ளிவிட்டது, ஸ்ரட்டின் நீளத்திலும் அவ்வளவைத் தின்றுவிட்டது. அதற்கு மேல் ஸ்பேசரும் போட்டால் நட்டுக்குப் பிடிக்க மரை மிஞ்சாது.

மரை எவ்வளவு வேண்டும்? ஸ்ரட்டின் விட்டம் அளவாவது நட்டுக்குள் போக வேண்டும். 3/8 அங்குல ஸ்ரட், அங்குலத்துக்கு 24 மரை என்றால் 9 முழுச் சுற்று. 12 மி.மீ. ஸ்ரட், 1.5 மரை என்றால் 8 சுற்று. நட்டை விரலால் சுழற்றி எண்ணுங்கள். கூம்பு போய் அமர்வதற்குள் அந்த எண்ணிக்கை வரவில்லையென்றால் நீளமான ஸ்ரட் மாற்றாமல் ஸ்பேசர் போடக் கூடாது. இதில் 'பரவாயில்லை' கிடையாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் டிஸ்க் மாற்றத்தில் 4 மி.மீ. தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, லேத் பட்டறை பூட்டு. ஒவ்வொரு ஸ்ரட்டிலும் இரண்டு வொசர் போட்டு இறுக்கிவிட்டேன். கிளிநொச்சியிலிருந்து தெற்கே புறப்பட்டு இரணைமடுச் சந்தி தாண்டியதும் முன்பக்கம் 'டக் டக்' என்று மெல்லிய சத்தம். பாட் புதுசு, பழகட்டும் என்று நினைத்தேன். முறிகண்டியில் எல்லாரும் நிறுத்துவது போல நானும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினேன். கச்சான் சரையோடு திரும்பி வந்து சில்லில் கை வைத்தால் நட்டு விரலுக்குச் சுழல்கிறது. நான்கில் மூன்று அப்படி. சில்லு முழு முகத்தில் அமராமல் நான்கு வொசரில் நின்றால் அதன் நடு நெளியும், நெளிய நெளிய நட்டு இளகும். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வொசரைக் கழற்றி எறிந்துவிட்டு, முட்டுகிற சில்லோடு ஓடவும் முடியாமல், வீட்டிலிருந்து பழைய ட்றம்மும் சாமான்களும் வரும்வரை வெயிலில் நின்றேன்.

ஆகவே ஸ்பேசர் என்றால் முழு வட்டத் தட்டு. லேத்தில் கடையக் கொடுப்பதானால் வார்த்த அலுமினியத்தில் வேண்டாம், உள்ளே காற்றுக்குமிழ் இருக்கும். கட்டி அலுமினியத்தில் கடையச் சொல்லுங்கள். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். நடுத்துளை ஹப்பின் மூக்கில் இறுக்கமாக, ஆனால் கையால் ஏறும்படி அமர வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் ஒரே தடிப்பு. ஒரு பக்கம் மட்டும் முட்டுகிறது என்று ஒரு பக்கம் மட்டும் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் முட்டுவதே சந்தேகத்துக்குரியது. பிறாக்கெற் வளைந்திருக்கிறதா, கலிப்பர்கள் பக்கம் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தால் கலிப்பர் பக்கம் மாறிவிட்டது. அப்படியே விட்டால் பிறேக்கில் காற்றும் போகாது.

சில்லை வெளியே தள்ளத் தள்ள பெயரிங்கில் பாரம் கூடும், ஸ்ரியரிங் கனக்கும், கல்லில் ஏறும்போது கையை உதைக்கும். கிங்பின் (முன்சில்லு திரும்பும் அச்சாணி) ஏற்கெனவே தேய்ந்த காரானால் இன்னும் மோசம். தேவையான அளவுக்கு மேல் ஒரு மில்லிமீற்றரும் தள்ளாதீர்கள். "பாக்க வடிவா இருக்கும்" என்று 20 மி.மீ. போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இனி ரயர்

கலிப்பரிடமிருந்து தப்பிய சில்லு இப்போது மட்காட்டிடம் போய் மாட்டும். மைனரின் பழைய ரயர் 5.20-14, ஒடுங்கியது. அதைச் சுற்றித்தான் மட்காட்டுகள் செய்யப்பட்டன. 155/80 ரேடியல் பொதுவாகச் சிக்கல் தராது. அதைவிட அகலத்துக்குப் போனாலோ சில்லை வெளியே தள்ளினாலோ சோதிக்க வேண்டும்.

முன்னுக்கு: காரை நிலத்தில் நிறுத்தி, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, ரயரின் உள்ளோரம் எங்காவது தொடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பிறேக் ஹோஸைத் தனியாகக் கவனியுங்கள். புதுக் கலிப்பரில் ஹோஸ் வேறு இடத்தில் தொடங்கும். முழுதாக ஒடித்தபடியும் ஒருமுறை, காரைத் தூக்கிச் சில்லு தொங்கியபடியும் ஒருமுறை பாருங்கள். ஹோஸ் இழுபடவும் கூடாது, ரயரில் உரசவும் கூடாது. கலிப்பர் முட்டினால் சத்தம் போட்டுச் சொல்லும். ஹோஸ் சத்தமே போடாமல் தேய்ந்து ஒருநாள் அறும்.

பின்னுக்கு: பாரம் ஏற்றாமல் சொல்ல முடியாது. பின் சீற்றிலும் டிக்கியிலும் இரண்டு நெல் மூட்டையைப் போடுங்கள், ஆட்களையும் ஏறச் சொல்லுங்கள். வில் அமர்ந்ததும் ரயருக்கும் மட்காட் விளிம்புக்கும் நடுவில் விரல் போகிறதா? ஒரு விரல் போகாவிட்டால் மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துக் குழிகளில் நிச்சயம் உரசும். மட்காட் விளிம்பில் சுண்ணாம்பு பூசி, அதே பாரத்தோடு குழி உள்ள தெருவில் மெதுவாக ஒரு ஓட்டம் போய் வந்து பாருங்கள். மைனரின் மட்காட்டுகள் போல்ட்டில் நிற்பவை. சிலருக்கு அவற்றை இளக்கி வெளியே நகர்த்திப் பூட்டினாலே 2, 3 மி.மீ. கிடைத்திருக்கிறது. விளிம்பை வெட்டுவது கடைசி. பழைய காரின் தகரத்தை ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான்.

ஓடிப் பார்த்தல்

நட்டுகளைச் சில்லு தொங்கும்போதே எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, பிறகு நிலத்தில் இறக்கி, காரின் கைந்நூலில் உள்ள அளவுக்கு ரோர்க் ஸ்பனரால் முடியுங்கள். கூம்பு நட்டுக்குக் கூம்புத் துளை, தட்டை நட்டுக்குத் தட்டைத் துளை. அலோய் சில்லுக்குப் பழைய இரும்புச் சில்லின் நட்டு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மரைக்குக் கிறீஸ் பூச வேண்டாம்.

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், யன்னலைத் திறந்துவிட்டு. இரண்டு பக்கமும் திரும்பி, பிறேக்கை மெல்லவும் பிறகு அழுத்தியும் பிடித்துப் பாருங்கள். நேரே போகும்போது இல்லாத சத்தம் திருப்பத்தில் வந்தால் இடைவெளி போதவில்லை. 50 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், இது கட்டாயம். கிறவல் தெருவில் ஓடியபின் ஒரு சில்லைக் கழற்றி உள்ளே புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மழைக்குப் பிறகும் அப்படித்தான். செம்மண் சேறு கலிப்பருக்கும் றிம்முக்கும் நடுவில் காய்ந்து கல்லாக இறுகும். தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

ஸ்பெயார் சில்லை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான்கு சில்லையும் மாற்றிவிட்டு, டிக்கித் தட்டுக்குக் கீழே பழைய ஒடுங்கின சில்லையே விட்டிருப்பார்கள். அது புதுக் கலிப்பருக்கு மேல் ஏறுமா? இன்றைக்கே எடுத்து முன்பக்கம் இரண்டிலும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஏறாவிட்டால் உங்களிடம் ஸ்பெயார் இல்லை என்று அர்த்தம். புது அகலச் சில்லையே ஸ்பெயாராக வைக்கப்போகிறீர்கள் என்றால், ரயரோடு அது அந்த மெல்லிய அறைக்குள் நுழைகிறதா என்றும் பாருங்கள். ஸ்பேசரோடு நீளமான ஸ்ரட் போட்டவர்கள், ஸ்பெயாருக்குப் பொருந்தும் நட்டுகள் நான்கை ஒரு துணியில் சுற்றிச் சில்லுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், ஒரு பக்கம் காடு, கையில் ரோர்ச் லைற் என்று நிற்கும்போது நட்டுத் தேட முடியாது.